மாரிக்குக் கோழி அடைப்பில் என்ன பரப்புவது

கார்த்திகை மழை முழுதும் பெய்து ஓய்ந்த பிறகும், படலையடியைத் தவிர வேறெங்கும் சேறும் நாற்றமும் இல்லாமல் நின்ற ஒரு கோழி அடைப்பின் வேலைக்குறிப்பு இது. இடம் யாழ்ப்பாணத்து வலிகாமம், மண் செம்பாடு எனப்படும் சிவப்பு மண். அடைப்பு 20 அடிக்கு 12 அடி. உள்ளே 12 ஊர்க்கோழிகள், அதாவது கோழி ஒன்றுக்கு 20 சதுர அடி. கூடு வடகிழக்கு மூலையில், காலில் உயர்த்திக் கட்டியது. அடைப்பில் மூன்றிலொரு பங்குக்குத் தகரக் கூரை உண்டு, மிச்சம் வெட்டவெளி.

குளிர்நாட்டுக்காரர் பனிக்காலத்துக்கு நிலத்தை மூடச் சொல்லும் குறிப்புகளை அப்படியே இங்கே எடுக்க முடியாது. அங்கே வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பச் சொல்வது குளிருக்காக. எங்களுக்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரை தண்ணீரோடுதான் சண்டை. ஈரம் வடியாத சூட்டு நாட்டில் அதே வைக்கோல் ஒரு கிழமையில் புளித்துவிடும்.

முதல் வேலை பொருள் தேடுவதில்லை, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. அடைப்புக்கு வெளியே ஓரடி ஆழக் குழி ஒன்று, உள்ளே இன்னொன்று. இரண்டிலும் தண்ணீரை நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்பி, இரண்டாம் முறை வடிய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். செம்பாட்டில் இரண்டு குழியுமே விரைவாக வடியும். ஆனால் உள்ளே குழிக்குப் பக்கத்தில் நிலத்தின் மேலே ஊற்றிய தண்ணீர் அப்படியே நிற்கும். மண் கெட்டதல்ல, கோழி மிதித்து, எச்சம் கலந்து, மேல் இரண்டு அங்குலம் தோல் போல இறுகிவிட்டது. எதைக் கொட்டினாலும் அந்தத் தோலின் மேல்தான் மிதக்கும். வயல் தறைப் பக்கத்துச் சாம்பல் நிறக் களிமண்ணில் கதை வேறு. அங்கே குழியே வடியாது. அப்படிப்பட்ட இடத்தில் வெளியிலிருந்து மண் ஏற்றி அரை அடியாவது உயர்த்தாமல் பரப்பும் வேலையைத் தொடங்குவது வீண். வடமராட்சி கிழக்கு மணல் வளவுகளில் இந்தத் தொல்லையில் பாதியும் இல்லை.

புரட்டாதியில், மண் காய்ந்திருக்கும்போதே, அந்த இரண்டு அங்குலத்தையும் மண்வெட்டியால் சீவி எடுத்தாயிற்று. எடுத்த மண் வாழைப் பாத்திக்கு. அடியில் இறுகிய இடங்களை அலவாங்கால் குத்தி நெகிழ்த்திவிட்டு, கூட்டுப் பக்கத்திலிருந்து தென்மேற்கு மூலைக்குச் சரிவு கொடுத்தது. 4 அடிக்கு 1 அங்குலம் போதும். அதைவிடக் கூடினால் முதல் பெருமழையே பரப்பியதெல்லாவற்றையும் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும். மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாய் ஒன்று இருந்தால் ஆள் கூலி தேவையில்லை. தாழ்ந்த பக்கத்தில் 9 அங்குல அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு வாய்க்கால். வலிகாமத்தில் பல வளவுகளில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். தட்டுப்பட்ட இடத்தில் ஆழத்தை விட்டு அகலத்தைக் கூட்டலாம்.

வாய்க்கால் தென்னையடிக்குப் போக வேண்டும், கிணற்றுப் பக்கம் திரும்பவே கூடாது. குடாநாட்டின் நிலத்தடி நீர் வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல்லில்தான் நிற்கிறது. மேலே கரைந்தது வடிகட்டப்படாமலே கீழே போய்விடும். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். எங்களுடைய கிணறுகள் பலவற்றில் உரத்தாலும் மலக்குழியாலும் ஏற்கனவே அதற்கு மேலே நிற்கிறது. கோழி எச்சத்தின் நைதரசனும் மண்ணில் நைத்திரேற்றாகத்தான் மாறும். கிணற்றுக்கும் அடைப்புக்கும் 50 அடிக்குக் குறையாமல் இடைவெளி வைத்தது அதனால்தான். வளவு சிறிதென்றால் கோழியின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், இந்த இடைவெளியைக் குறைக்கக் கூடாது.

அடுத்தது கூரைத் தண்ணீர். பலர் விட்டுவிடுவது இதைத்தான். 80 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறக்குறைய 370 லீற்றர் தண்ணீர். பீலி இல்லாவிட்டால் அவ்வளவும் தாவாரத்தின் கீழே ஒரே கோட்டில் விழுந்து பள்ளம் பறிக்கும். 4 அங்குல பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து பீலியாகக் கட்டி, அதன் முனையை அடைப்புக்கு வெளியே விட்டாயிற்று. செலவான காசுக்கு இதைவிடப் பலன் தந்த வேலை இந்த அடைப்பில் வேறில்லை.

மழை இங்கே நேராகவும் விழுவதில்லை. வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து சாய்த்து அடிக்கும். கூரைக்குக் கீழே போட்ட உமியும் அதில் நனையும். வடக்கு, கிழக்குப் பக்கங்களில் நிலத்திலிருந்து 3 அடி உயரத்துக்குக் கிடுகு கட்டினால் காற்றோட்டம் மேலே இருக்கும், தூவானம் கீழே வராது. தறப்பாளை நிலத்திலிருந்து கூரை வரை இழுத்துக் கட்டுவது வேண்டாம். உள்ளே ஆவி நின்று, எச்சத்தின் அமோனியா கோழியின் கண்ணையும் மூச்சையும் பிடிக்கும்.

இனிப் பொருட்கள். முந்திய மாரிகளில் இதே நிலத்தில் போட்டுக் கழித்தவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எது ஏன் கெட்டது என்பதிலிருந்துதான் கடைசித் தெரிவு வந்தது.

வைக்கோல் சும்மா கிடைப்பதால் எல்லோரும் முதலில் அதையே போடுவார்கள். காலபோக நெல் அறுப்பது தை, மாசியில். ஐப்பசியில் கைக்கு வருவது எட்டு மாதம் பழைய வைக்கோல், பாதி ஏற்கனவே பூஞ்சணம் பிடித்தது. தாள் உள்ளே குழல் என்பதால் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். மிதிபட்டதும் பாய் போலப் படிந்து கீழே காற்றில்லாமல் அழுகும். வெயில் வந்து கோழி அதைக் கிளறும்போது பூஞ்சணத் தூசு கிளம்பி நுரையீரலுக்குப் போகும். நீளத் தாளை விழுங்கி இரைப்பை அடைத்துக்கொள்ளும் கோழியும் உண்டு. வைக்கோல் முட்டைப் பெட்டிக்கு நல்லது, அதோடு சரி.

மரக்காலைத் தூள் வெளியில் போட்டால் களியாகிவிடும். குஞ்சுகள் அதைத் தீன் என்று கொத்தும். தச்சுப் பட்டறையில் சீவுளி போட்ட சீவல் அதைவிட எவ்வளவோ மேல், ஆனால் கூரைக்குக் கீழே மட்டும். எந்தப் பட்டறை என்றாலும் கறையான் மருந்து அடித்த மரமா, பலகை ஒட்டும் பசை கலந்ததா என்று கேட்டு எடுக்க வேண்டும். பனைமரம் அறுத்த தூளையும் சிராயையும் அடைப்புக்குள் கொண்டுவரவே கூடாது. பனஞ்சிராய் ஊசிக்குச் சமன். காலடியில் ஏறினால் மேலே கறுத்த பொருக்கு, உள்ளே கட்டியான சீழ் என்று உள்ளங்கால் வீங்கி நொண்டும். மாரியில் ஈரத்தால் கால்தோல் ஏற்கனவே மென்மையாகியிருப்பதால் சின்னக் கீறலே போதும்.

தும்புத்தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். நாற்றுமேடைக்கு அது வரம், மழையில் நிற்கும் அடைப்புக்கு அதுவே கேடு. நீளத் தும்பு கோழியின் விரலைச் சுற்றி இறுக்கும், இதையும் அடிக்கடி காணலாம்.

உமி நல்லது, ஆனால் எந்த ஆலை உமி என்பது முக்கியம். பழைய சின்ன மில்லில் உமியும் தவிடும் ஒன்றாக அரைபட்டு வரும். அந்தத் தவிடு நனைந்தால் புளிக்கும், எலியையும் கூட்டும். றப்பர் உருளை போட்ட பெரிய ஆலைகளில் உமி முழுசாக, தவிடில்லாமல் வெளியே வரும். கையில் அள்ளித் தேய்த்தால் உள்ளங்கையில் மா ஒட்டக் கூடாது. முழு உமியில் சிலிக்கா கூட என்பதால் இலகுவில் உக்காது, காற்றும் உள்ளே போகும். அதன் குறை எடை இல்லாமை. வெட்டவெளியில் போட்டால் காற்றோடு போகும், வெள்ளத்தில் மிதந்து போகும்.

சருகு இருக்கிற வளவுக்காரர் அதை எரிக்காமல் சோளகம் வீசும் மாதங்களிலேயே உரப்பையில் அடைத்துவைக்க வேண்டும். பலாவிலையும் பூவரசமிலையும் கலந்தால் நல்லது. மாவிலை மட்டும் என்றால் ஒன்றின்மேல் ஒன்று படிந்து வழுக்கும். வேப்பமிலை கொஞ்சம் கலக்கலாம்.

மணலில் தண்ணீர் நிற்காது, எச்சத்தை விறாண்டியால் வாரியெடுக்கலாம், உக்காது. ஆனால் விலை, ஏற்றுக்கூலி. கடற்கரை மணல் மலிவென்று கொண்டுவந்தால் அதன் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கோழியும் அதைக் கொத்தும். வாங்குமுன் நாக்கில் ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பதில் வெட்கமில்லை.

வெட்டவெளிக்குக் கடைசியில் நிலைத்தது வேலிக்கதியால் வெட்டிய தடிகள். உயிர்வேலி கட்டும்போது கழியும் பூவரசங் கொப்புகளை, இலை உதிர்ந்து காய்ந்த பிறகு, கத்தியால் 2 அங்குலத் துண்டுகளாக வெட்டிப் போடுவது. பெருவிரல் தடிப்பு நல்ல அளவு. அதைவிடத் தடித்தால் கோழி கிளறாது. துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் தண்ணீர் இறங்கும், மேலே கால் காயும். முருங்கைத் தடி பஞ்சுபோல ஊறி வழுவழுக்கும். முள்ளுக்கிளுவை காலைக் குத்தும். சீமைக்கிளுவையின் விதையும் பட்டையும் எலிக்கு நஞ்சாகப் பயன்பட்டவை, அதைத் தென்னையடியில் புதைக்கலாம். அலரித் துண்டு ஒன்றுகூடக் கலந்துவிடக் கூடாது. வெட்டும் வேலை அலுப்பானது என்பதை மறைக்கத் தேவையில்லை. 16 உரப்பை தடித்துண்டு வெட்டக் கை காய்க்கும்.

ஆக, அடைப்பு முழுவதற்கும் ஒரே பொருள் என்ற எண்ணத்தைக் கைவிட்டு நிலத்தை மூன்றாகப் பிரித்தது.

கூரைக்குக் கீழே 80 சதுர அடி: 4 அங்குல உமி. கணக்கு 27 கன அடி. 50 கிலோ உரப்பை ஒன்றில் அமுக்காமல் இரண்டரைக் கன அடி பிடிக்கும் என்றால் 11 பை. இடையிடையே தூவ இன்னும் 5 பை கூட்டுக்குள் கட்டித் தொங்கவிட்டது, நிலத்தில் வைத்தால் எலி. ஒரு மூலையில் 2 அடிக்கு 2 அடிப் பெட்டியில் மணலும் சலித்த அடுப்புச் சாம்பலும், கோழி புழுதி குளிக்க. சாம்பல் நனைந்தால் காரம் ஏறித் தோலை எரிக்கும், பெட்டியின் இடம் தூவானம் படாத உள்மூலையே.

நடுப்பகுதி 80 சதுர அடி: அடியில் 2 அங்குல மணல், மேலே 3 அங்குலத் தடித்துண்டு. மணல் 13 கன அடிதான். மணல் விற்பது கியூப் கணக்கில், ஒரு கியூப் 100 கன அடி. வீட்டு வேலைக்கு யாராவது இறக்கும்போது பங்காக வாங்கினால்தான் இந்தச் சிறு அளவு கட்டும்.

தாழ்ந்த பகுதி 80 சதுர அடி: அடியில் பொச்சுமட்டை. சதுர அடிக்கு 4 மட்டை, மொத்தம் 320. முதுகு மேலே பார்க்கக் கவிழ்த்து அடுக்க வேண்டும். தென்னங்கன்றுக் குழிக்கு மல்லாத்தி வைப்பது தண்ணீரைப் பிடிக்க. இங்கே பிடிக்கக் கூடாது. அதன்மேல் பழைய வேலியிலிருந்து கழித்த பனையோலை ஒரு படை, மேலே விழுவது மட்டை இடுக்கை அடைக்காமலிருக்க. அதற்குமேல் தடித்துண்டு 3 அங்குலம். ஓலைக்குப் பதிலாக உரப்பையை விரிப்பது சுலபம்தான், ஆனால் கோழி அதன் இழையைப் பிய்த்து விழுங்கும். ஓலை ஒரு மாரியில் உக்கிவிடும், அதற்குள் அதன் வேலையும் முடிந்துவிடும்.

பரப்பியது வெளியே போகாமல் சுற்றிவர ஒரு வரிசை சீமெந்துக்கல். 64 அடிச் சுற்றளவுக்குப் பதினைந்தரை அங்குலக் கல் 50 போனது. சாந்து பூசவில்லை. தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கல்லுக்குக் கல் ஒரு அங்குலம் விட்டு, இடைவெளிக்கு வெளியே சல்லிக்கல். இந்த வரிசைக்கு இன்னொரு பயன், கீரியும் மரநாயும் இளகிய நிலத்தைக் கிண்டி உள்ளே வருவதைத் தடுக்கும். பணம் போனது கல், பீலி, கம்பிவலை, மணல் ஆகியவற்றுக்கு. உமிக்கும் மட்டைக்கும் ஏற்றுக்கூலி மட்டுமே.

பச்சையாக ஏதாவது வளர்த்தால் என்ன என்ற கேள்வி எப்போதும் வரும். கோழிக்கு 20 சதுர அடி என்ற நெருக்கத்தில் திறந்த நிலத்தில் அறுகுகூட நிலைக்காது, வேரோடு பறித்துவிடும். ஆனால் எங்கள் மாரி புல் வளரும் காலம். 4 அடிக்கு 2 அடி மரச்சட்டம், 4 அங்குல உயரம், மேலே அரை அங்குலப் பற்றவைத்த கம்பிவலை, உள்ளே அறுகங்கட்டையும் கொஞ்சம் குரக்கனும். வலைக்கு மேலே வந்த நுனியைக் கோழி கொத்தும், வேர் தப்பும். அறுகோணக் கோழிவலை வேண்டாம், கோழி ஏறி நின்றால் தொய்ந்து புல்லில் முட்டும். இரண்டு சட்டம் நடுப்பகுதியில் வைக்கப்பட்டது. இது தீனுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும், நிலத்தை மூடும் கணக்கில் சேராது.

மழை தொடங்கிய பிறகு வேலை சிறியது, ஆனால் விடக் கூடாதது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் உமியை விறாண்டியால் புரட்டுதல். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்க்க வேண்டும். திறந்ததும் மெல்ல உதிர்ந்தால் சரி; உருண்டையாக நின்றால் ஈரம் கூட, அந்த இடத்தை அள்ளிவிட்டுப் புது உமி. தூசாகப் பறந்தால் அளவுக்கு மேல் காய்ந்துவிட்டது. நாற்றத்தை நின்று பார்த்துப் பயனில்லை. குந்தியிருந்து கோழியின் உயரத்தில் மூச்சு இழுக்க வேண்டும்.

நாற்றம் வந்ததும் சுண்ணாம்பு தூவுவது ஊர்வழக்கம். ஈரமான எச்சத்தின் மேல் சுண்ணாம்பு விழுந்தால் காரத்தன்மை ஏறி, உள்ளே கட்டுண்டிருந்த அமோனியாவும் வெளியே கிளம்பும். நாற்றம் குறையாது, கூடும். சுண்ணாம்புக்குரிய நேரம் புரட்டாதி, சீவிய வெறும் மண்ணில், பரப்புவதற்குச் சில நாள் முன்பு, அதுவும் நீற்றிய சுண்ணாம்பு. மாரி நடுவில் நாற்றத்துக்குச் செய்யக்கூடியது நனைந்ததை அள்ளுவதும் உமிக்கரி தூவுவதும்தான்.

உமி நனைந்த இடங்களில் பெரும்பாலானது மழையால் அல்ல, தண்ணீர்ப் பாத்திரத்தால். இரண்டு சீமெந்துக்கல்லின் மேல், கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றி, சுற்றிவர 2 அடிக்கு உமிக்குப் பதில் சல்லிக்கல் போட்டதும் அந்தத் தொல்லை நின்றது.

குஞ்சுகளை மாரியில் இந்த நிலத்தில் விடக் கூடாது. இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கொக்சிடியா முட்டைகள் சூடும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். மூன்றிலிருந்து ஆறு கிழமைக் குஞ்சுகளுக்குத்தான் அது கடுமை. எச்சத்தில் இரத்தம் கண்டால் மிருக வைத்தியரிடம் அன்றே போக வேண்டும். எந்தப் பரப்பும் அதற்கு மருந்தாகாது. 2008 கார்த்திகையில் நிஷா புயல் கொட்டியதைப்போன்ற வெள்ளத்துக்கும் நிலப்பரப்பில் பதில் இல்லை. கூட்டுத்தளம் நிலத்திலிருந்து 2 அடி உயரத்தில் இருந்தால் கோழி பிழைக்கும். பரப்பியதை மறுபடி பரப்பலாம்.

தை பிற்பகுதியில் உமிப் படையை முழுதாக அள்ளி, வெளியே மேட்டில் குவித்து, தறப்பாளால் மூடியது. மூடாமல் விட்டால் பிந்திய மழை அதன் சத்தைக் கரைத்துக் கிணற்றுக்குக் கொண்டுபோகும். இரண்டு மாதம் உக்கிய பிறகே மிளகாய்க்கும் கத்தரிக்கும். பச்சையாக வெங்காயத்துக்குப் போட்டால் வேர் எரியும். தடித்துண்டு பாதிக்கு மேல் உக்காமலே இருந்தது. வெயிலில் காயப்போட்டு விறாண்டியால் சலித்ததும் பெரிய துண்டுகள் மறு மாரிக்கு மிஞ்சின.

மாற்ற வேண்டியவை சில. படலை தாழ்ந்த பக்கத்தில் இருந்ததால் ஆள் காலும் கோழி காலும் ஒரே இடத்தில் மிதித்து, அடைப்பில் சேறு கண்ட ஒரே இடம் அதுவாகியது. படலையை உயர்ந்த பக்கத்துக்கு மாற்றி, உள்ளே தட்டைக்கல் மூன்று பதிக்க வேண்டும். கல் இடைவெளிகளில் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கியது, ஒரு அங்குலத்தை இரண்டாக்கி, கோழி தலை நுழையாமல் கம்பிவலைத் துண்டு செருகலாம். கூரையைத் தாவாரப் பக்கம் இன்னும் ஓரடி நீட்டினால் உமி செலவு குறையும். தடித்துண்டு வெட்டுவதை ஆவணியிலேயே தொடங்கிவிட வேண்டும், புரட்டாதியில் தொடங்கினால் கொப்பு காய நேரம் போதாது, பச்சைத் தடியில் துளிர் விட்டுவிடுகிறது. பூவரசு அடைப்புக்குள்ளேயே முளைத்து நின்றது, கோழிக்கு அதில் ஒரு முறைப்பாடும் இல்லை.